ரெண்டு மணி பத்து நிமிஷம்

டிக்கெட் போடும் கடையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தவருக்கு, எந்த ஊருக்குப் பறக்க எவ்வளவு நேரம் என்பது தலைகீழ்ப் பாடம். மூக்கு அரித்தால்கூட எத்தனை நிமிஷம் என்று சொல்வார் என்பது தெருக்காரர்களின் நக்கல். மனுஷன் ஒருதடவைகூட விமானம் ஏறியதில்லை என்பது அதைவிடப் பெரிய நக்கல்.

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி. ஒருநாள் காலை எட்டு மணிக்கு அவள் புருஷன் போனில் அழுதார். "மச்சான், உங்க தங்கச்சி இன்னைக்குத் தாண்டமாட்டான்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. உங்களத்தான் கேக்குறா. எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்." பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

நெரிசல், வரிசை, சோதனை, டாக்சி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. ஆஸ்பத்திரி அறைக்குள் அவர் நுழைந்தபோது மணி நாலு. கட்டில் காலி.

"பத்து மணியிலேர்ந்து வாசலையே பாத்துட்டிருந்தா மச்சான். அண்ணன் நேரம் தப்பமாட்டார்னா. மூணு மணிக்கு, அவருக்கு வர மனசில்லையோன்னு கேட்டா. அதான் கடைசி."

இப்போது யார் கேட்டாலும், "ஒருநாள் முழுக்க ஆகும், முன்னாடியே கிளம்புங்க" என்கிறார்.

"என்னண்ணே, விமானத்தத் தள்ளிக்கிட்டா போகணும்?" என்று சிரிக்கிறார்கள்.

அவர் டிக்கெட்டை மடித்து நீட்டுகிறார்.