டைல்ஸ் போட்ட குகை

குற்றாலத்து மலையில் இருக்கும் இந்தக் குகைக்குப் பல வருடம் கழித்து வருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தால், பாறை இல்லை. வழவழவென்று வெள்ளை டைல்ஸ். கூரையில் எப்போதும் நீர் சொட்டும் வெடிப்பைச் சிமெண்டால் பூசி அடைத்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"எவன் பார்த்த வேலை இது?" என்று கத்துகிறேன்.

உள்ளே சூடம் ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிச் சிரிக்கிறார். "நாந்தான் தம்பி. கடையத்துல டைல்ஸ் கடை வச்சிருக்கேன். சாமி கும்பிட வாற சனங்க இங்கன வழுக்கி வழுக்கி விழுதாவ. அதான், எல்லாம் நம்ம உபயம்." தரையில் பதித்திருக்கும் தம் பெயரைக் காட்டுகிறார்.

"குகைன்னா தண்ணி சொட்டத்தான் செய்யும் அண்ணாச்சி! மேகாலயாவுல குகைக்குள்ள ஆறே ஓடுது, இடுப்பளவு தண்ணியில போனேன். ஆந்திராவுல ஒரு குகைக்குள்ள வெக்கையில மூச்சு முட்ட நடந்தேன். எங்கயும் இந்தக் கூத்து இல்ல."

"பாவம், அங்கன டைல்ஸ் போட்டுக் குடுக்க ஆளில்லியோ?" நிஜமாகவே வருந்துகிறார். "சரி, எந்தக் குகை தம்பிக்கு ரொம்பப் பிடிச்சுது?"

மேகாலயா என்று சொல்ல வாயெடுக்கிறேன். தரையிலிருக்கும் அவர் பெயரின் மேல் சொட்டென்று ஒரு துளி விழுகிறது. இருவரும் அண்ணாந்து பார்க்கிறோம். சிமெண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் புதிய கீறலொன்றில் அடுத்த துளி திரண்டு நிற்கிறது.

"இதையும் அடைச்சிருதேன்" என்கிறார்.

"எனக்கு இந்தக் குகைதான் அண்ணாச்சி பிடிச்சிருக்கு" என்கிறேன். "முடிஞ்சா அடைச்சுப் பாருங்க."