டேங்க் கிளீனர்

ஆனையூரில் ராதாமணி வீடு எது என்று கேட்டால், "எறும்புக்கு வழிவிடுற அக்காவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. வாசலில் எறும்புச் சாரை போனால் கடைசி எறும்பு தாண்டுகிற வரைக்கும் தண்ணீர் தெளிக்க மாட்டாள். கொசுவை விரட்டலாம், அடிக்கக் கூடாது. எலிப்பொறி வாசப்படி ஏறக் கூடாது. ஒருமுறை கணவர் வெங்கடசுப்பிரமணியன் பல்லியை விளக்குமாற்றால் அடித்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மனுஷர் தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் போய், "என் வீட்டுல பல்லிக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லப்பா" என்று புலம்பியிருக்கிறார்.

அறுபதை நெருங்கும் வயதில் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அந்த ஒன்றைத்தான். "இந்தக் கையால ஒரு உசுரக் கொன்னதில்ல." சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் போட்டுக் காய்த்துப்போன கை. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசல் தாண்டினால் மதுரைத் தமிழ். பெருமாள் பக்தி ரத்தத்தில் வந்தது. ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பாள், குளத்து மீனுக்குப் பொரி போடுவாள். பெருமாளே முதலில் மீனாகத்தானே வந்தார் என்பாள். அதற்கு யார் பதில் பேச முடியும்?

வினை கண்ணாடித் தொட்டி வழியாக வந்தது. மகன் கார்த்திகேஷ் காலேஜ் படிக்கும்போது ஆசைப்பட்டு ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்தான். வேலை கிடைத்ததும் பெங்களூருக்குப் பெட்டியைக் கட்டிவிட்டான். தொட்டியும் மீனும் அம்மா தலையில் விழுந்தன. கண்ணாடியெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்துக் கிடக்கவும், காளவாசலில் வண்ணமீன் கடை வைத்திருந்த சங்கிலியிடம் போய் நின்றாள். அவன் ஒரு பாலிதீன் பையில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

"இத விடுங்கம்மா. பேரே டேங்க் கிளீனர். நீங்க கை வைக்க வேணாம், அதுவே தொடச்சிரும்."

துடைத்துத்தான் விட்டது. வாயைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து நக்கி நக்கி, கொஞ்ச நாளில் தொட்டி பளபளவென்று ஆகிவிட்டது. ராதாமணிக்கு அந்த மீன்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. மற்ற மீன்கள் சும்மா மினுக்கிக்கொண்டு திரிய, பாவம், இது ஒன்றுதான் வேலை செய்கிறது என்பாள். ஆனால் அது வளர்ந்தது. முழம் அளவுக்கு வளர்ந்து, தொட்டிக்குள் திரும்பவே முடியாமல் முட்டிக்கொண்டு கிடந்தது. சங்கிலியிடம் கேட்டாள். "பெருசானா யாரும் வாங்க மாட்டாங்கம்மா. தூக்கி வெளிய போட்டுருங்க" என்றான். ராதாமணி அவனைப் பார்த்த பார்வையில் பாவி கடைக்குள்ளே போய்விட்டான்.

பக்கெட்டில் தண்ணீர் நிறைத்து மீனைப் போட்டு, ஆட்டோ பிடித்து, ஊருக்கு வடக்கே இருக்கிற நொச்சிக்கண்மாய்க்குக் கொண்டுபோனாள். கரையில் ஒரு பழைய போர்டு. தமிழில் நொச்சிக்கண்மாய் என்றும், கீழே இங்கிலீஷில் நொச்சி டேங்க் என்றும் எழுதியிருந்தது. ராதாமணி எட்டாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். டேங்க். கண்மாயைப் பார்த்தாள். சாக்கடை கலந்து, ஓரமெல்லாம் பச்சைப்பசேல் என்று கிடந்தது. கையில் டேங்க் கிளீனர், எதிரே டேங்க். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெருமாளே வழி காட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

இதற்காக அவளைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும். மதுரைக்காரர்கள் நாம் கண்மாய்க்கு என்ன செய்திருக்கிறோம்? குப்பை கொட்டியிருக்கிறோம், பிளாட் போட்டிருக்கிறோம். அவள் ஒருத்திதான் அதைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை. ஏகாதசிக்கு ஏகாதசி சங்கிலி கடையில் கிளீனர் குஞ்சுகளை வாங்கிப் பை பையாகக் கொண்டுபோய் விட்டாள். புண்ணியத்துக்குப் புண்ணியம், சுத்தத்துக்குச் சுத்தம். வருஷக்கணக்காக இது நடந்தது.

அவளுக்குப் பால் ஊற்றும் சீனியம்மாள் அந்தக் கண்மாய்க்கரை ஊர்க்காரி. மாடு மேய்க்கிற இடத்திலிருந்து பார்ப்பாள். ராதாக்கா பையை அவிழ்ப்பதும், கும்பிடுவதும் தெரியும். என்ன மீன் என்று கேட்கவில்லை. பெரிய மனுஷி புண்ணியத்துக்கு விடுகிறாள், அதில் கேட்க என்ன இருக்கிறது? ஊருக்குள் போய்ப் பெருமையாகச் சொல்லி வைத்தாள்.

அதனால்தான் இந்த வருஷம் அந்த மரியாதை வந்தது.

நொச்சிக்கண்மாயில் கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்று வட்டாரமே வலையும் கூடையுமாக இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. முதல் வலையில் வரும் மீனில் ஒன்றை, கைராசியான ஒரு பொம்பளை கையில் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடச் சொல்வார்கள். வித்துமீன் என்று பேர். அடுத்த வருஷத்துக்குக் கண்மாய் நிறைய மீன் வேண்டும் என்பதற்காக. வித்துமீனை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டால் அதை வேறு யாரும் வாங்க மாட்டார்கள், அதற்குத் தீங்கு செய்ய மாட்டார்கள். மூன்று வருஷமாக மழை சரியில்லாமல் திருவிழாவே இல்லை. இந்தத் தடவை நல்ல தண்ணீர் பெருகி வற்றியிருந்தது.

"ராதாக்கா, ஊர்ல பேசி முடிச்சாச்சு. வித்துமீன் நீங்கதேன் விடணும்" என்றாள் சீனியம்மாள்.

"நானா? நான் உங்க ஊர்க்காரி இல்லையே சீனி."

"இந்தக் கண்மாய்க்கு இம்புட்டு நாளா மீன் விட்டது யாரு? ஒங்களுக்கு இல்லாத உரிமையா? மக சுபலட்சுமி வேற மாசமா இருக்கா. அயிரக் கொழம்பு, அயிரக் கொழம்புன்னு உசுர எடுக்கறா. ஒங்க கைராசியில அள்ளிட்டு வரணும்."

 வாழ்நாளில் ராதாமணியை எந்தச் சபையிலும் முன்னால் கூப்பிட்டதில்லை. தானே முடிச்சுப் போட்ட அரக்குச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனாள். வெங்கடசுப்பிரமணியன்கூட, "கல்யாணத்துக்குக்கூட இப்படி வரலியே நீ" என்று சீண்டிக்கொண்டே கூட வந்தார்.

கரையில் நல்ல கூட்டம். சீனியம்மாள் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். வழியில் நாணல் ஓரமாக ஒரு பாம்புத்தாரா செத்துக் கிடந்தது. நீளக் கழுத்துக்காரப் பறவை. அந்தக் கழுத்து இப்போது குடம்போல வீங்கியிருந்தது. அலகு பிளந்து, அதற்குள்ளிருந்து ஒரு மீன் வால் நீட்டிக்கொண்டிருந்தது. ராதாமணி குனிந்தாள். பறவை செத்து ஈ மொய்க்கிறது. வால் ஆடியது.

அவள் சட்டென்று பின்வாங்கினாள். "சீனி, அது உசுரோட இருக்கு."

"ஆமாக்கா. முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம இப்பிடித்தேன் சாகுதுக. முள்ளு விரிச்சுக்கிருதாம். இந்த வருசம் நெறையா பாத்துட்டேன். என்ன எழவு மீனோ. வாங்க, நேரமாகுது."

அந்த வாலில் கறுப்புப் பட்டைகள் இருந்தன. ராதாமணி பார்த்தாள். பார்த்துவிட்டு, இல்லை, இருக்காது, உலகத்தில் எத்தனையோ மீனுக்கு அப்படிப் பட்டை இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். 

சீனியம்மாளின் புருஷன் அழகுபாண்டிதான் முதல் வலை வீசுகிறவர். கிழக்கே பார்த்துக் கும்பிட்டு வீசினார். இழுக்கும்போதே வலை கனத்தது. கூட்டம் குலவை போட்டது. வலை கரைக்கு வந்ததும் குலவை அப்படியே நின்றுபோனது.

வலை முழுக்கக் கறுப்பு. விரால் இல்லை, கெளுத்தி இல்லை, கெண்டை இல்லை. பேருக்கு ஓர் அயிரை இல்லை. முழம் முழமாக, உடம்பெல்லாம் ஓடு போர்த்தி, அடியில் வட்ட வாயோடு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்தன. முள் மாட்டி வலை கிழிந்து தொங்கியது. அழகுபாண்டி வேறு இடத்தில் வீசினார். அதே கறுப்பு. மடைப்பக்கம் போய் வீசினார். அதே. அங்கே கரை முழுக்கப் பொந்து பொந்தாக இருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். கை நுழைகிற அளவுக்கு அந்த மீன்கள் குடைந்து வைத்திருந்தன. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"யாத்தே, கண்மாயே போச்சே" என்று யாரோ ஒரு பொம்பளை சொன்னாள். சுபலட்சுமி குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெரிய மனுஷர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில், முறையை விடக் கூடாது, வந்த மீனில் ஒன்றை வித்துமீனாக விட்டுவிட்டு ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்று முடிவானது. அழகுபாண்டி ஒன்றைத் தூக்கி ராதாமணியின் இரண்டு கையிலும் வைத்தார்.

"விடுங்கக்கா. நல்லதா நெனச்சு விடுங்க. அடுத்த வருசமாவது நம்ம மீனு வரட்டும்."

கையில் இருந்தது அவள் வளர்த்தது. அதாவது அதே சாதி. அந்த வாய், அந்தப் பட்டை, அந்தச் சொரசொரப்பு. வருஷக்கணக்காகத் தினமும் தீனி போட்ட மீனை அவளுக்குத் தெரியாதா? அது முள்ளை விரித்தது. உள்ளங்கையில் இறங்கி ரத்தம் வந்தது. அவள் விடவில்லை. எதிரே இருக்கிற கண்மாயைப் பார்த்தாள். அத்தனை கறுப்பும் அவள் பை பையாகக் கொண்டுவந்து, கும்பிட்டு, கொட்டியது. வேறு யாரேனும் கூட விட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பறவையின் வாயில் ஆடிய வால்தான் கண்ணுக்குள் ஆடியது.

விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. பூ வைத்த தலையோடு வீட்டுக்குப் போகலாம். கொல்லாத கை கொல்லாத கையாகவே இருக்கும்.

"இத விடக் கூடாது" என்றாள் ராதாமணி.

"என்னக்கா சொல்றீங்க?" சீனியம்மாளுக்குப் புரியவில்லை.

"இது ஒண்ணு உள்ள போனாலும் உங்க மீனு வராது. கொன்னுரணும்."

கூட்டம் திகைத்துப்போனது. எறும்புக்கு வழிவிடுகிறவள் சொல்கிற பேச்சா இது? அழகுபாண்டி இரண்டு அடி பின்னால் போனார். "வித்துமீனு அக்கா அது. ஒங்க கையில குடுத்தாச்சு. அத நாங்க யாரும் தொட மாட்டோம்."

"இது என்ன மீனு, என்ன செய்யும்னு ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்று கேட்டாள் சீனியம்மாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

"நாந்தான் சீனி விட்டேன். ஏகாதசிக்கு ஏகாதசி. கண்மாயச் சுத்தம் பண்ணும்னு நெனச்சு விட்டேன்."

  சீனியம்மாள் முகம் வெளுத்ததை ராதாமணி நேருக்கு நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த முகம் தன்னைப் பார்த்து அப்படி ஆகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சீனியம்மாள் திரும்பி, மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் வாங்கப் போவதில்லை. ராதாமணி மீனை மண்ணில் வைத்து ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மடைக்கல் ஒன்றைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். ஓடு உடையவில்லை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. திரும்பப் போட்டாள். கல் நழுவி அவள் கால் விரலிலேயே பட்டது. "பெருமாளே, பெருமாளே" என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. வெங்கடசுப்பிரமணியன் ஓடிவந்து, "போதும் ராதா, விடு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவரைத் தள்ளிவிட்டாள்.

கடைசியில் வயிறு பிளந்தது. உள்ளேயிருந்து முட்டைகள் கொட்டின. கொழகொழவென்று மஞ்சளாக, நூற்றுக்கணக்கில். சரிவு மண் ஈரமாக இருந்ததால் அவை தண்ணீர்ப் பக்கமாக உருளத் தொடங்கின.

ராதாமணி கல்லைக் கீழே போட்டாள். செத்த மீனைப் பார்த்தாள். முட்டைகளைப் பார்த்தாள். வாய்விட்டு அழுதாள். ஒரு தாயைக் கொன்றிருக்கிறாள். அழுதுகொண்டே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அரக்குச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். தண்ணீருக்கும் முட்டைகளுக்கும் நடுவில் இறங்கி நின்று, வெறுங்காலால் அவற்றை மிதிக்க ஆரம்பித்தாள்.