நான் பின்னிய கடல்பசு

நான் தூத்துக்குடியில் மீன் பிடிக்கிறவன். மகள் ஆசைப்பட்டாள் என்று குரோஷா ஊசியால் சின்னக் கடல்பசு ஒன்றைப் பின்னி, பஞ்சடைத்து, கீ செயினில் மாட்டிக் கொடுத்தேன். அதைப் பள்ளிப்பையில் தொங்கவிட்டபடி, நாங்கள் வலை சரிசெய்யும் வலைக்கூடத்துக்கு வந்து, "எங்கப்பா பின்னுனது" என்று எல்லோரிடமும் காட்டினாள்.

"ஏலே, எப்பம்ல பொம்பளையா மாறுன?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் இல்லலே, அவ அம்மா பின்னுனது" என்று சொல்லிவிட்டேன்.

மகள் பொம்மையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. சிரித்த ஒவ்வொருவன் கையிலும் வலை ஊசி இருந்தது.

"நான்தாம்ல பின்னுனேன்! காலையிலருந்து நீங்க என்னத்தப் பின்னுதிய?" என்று கத்தினேன். எல்லோரும் குனிந்து தங்கள் வலைக்குத் திரும்பினார்கள்.

மகள் அதைத் திரும்பத் தொங்கவிடவில்லை. இப்போது இன்னொன்று பின்னுகிறேன், வலைக்கூடத்தின் நடுவில் உட்கார்ந்து. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நான் வெட்கப்படுவது அந்தப் பொய்க்காக மட்டும்தான்.