கவியாவின் தழும்பு

சந்தவாசல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் பூவரசன் கையில் மாட்டிய முகம் எதுவும் கறுப்பாகத் திரும்பிப் போனதில்லை. அந்தப் பக்கத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் ஆல்பத்தில் மட்டும்தான் சிவப்பு. பரு, மச்சம், தழும்பு எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே தேய்ப்பில் போய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் நிற்கிற பெண்ணைத் தேடிய கதையும் உண்டு.

மகள் கவியாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. சின்ன வயதில் அடிபம்பில் விழுந்து, அவள் புருவத்துக்கு மேலே நெல்மணி நீளத்தில் ஒரு தழும்பு. படம் எடுத்ததும் முதல் வேலையாக அதை அழிப்பார். இடத்தை அடைக்கும் என்று திருத்தாத படத்தை வைத்துக்கொள்வதும் இல்லை. அவளுடைய செல்போனோ, கேட்காமலே முகத்தை வழுவழுப்பாக்குகிற ரகம்.

“நீ போற போக்குல, யாரும்மா நீன்னு என்னியே ஒருநாள் கேப்பப்பா” என்பாள்.

ஆடியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. பத்தொன்பது வயது.

காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். பூவரசன் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். மனைவி தேவி ஒருமுறை பார்த்தாள். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

“இது யாரோ. எம்பொண்ணு படத்த கொண்டாங்க.”

அப்போதுதான் அவருக்குப் பிலிம் ரோல் ஞாபகம் வந்தது. போன தையில் கடையில் கிடந்த பழைய கேமராவை நோண்டிச் சரிசெய்து, அப்பனும் மகளும் அமிர்தி பக்கம் போய் ஒருவரையொருவர் எடுத்துத் தள்ளியிருந்தார்கள். பிலிம் கழுவ இன்ஸ்டன்ட் காப்பித்தூளும் சலவை சோடாவும் வைட்டமின் மாத்திரையும் போதும் என்று கவியா எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். முதலில் வேறொரு பிலிம் துண்டில் சோதித்தபோது, வீட்டிலிருந்த சிக்கரி கலந்த தூளை இவர் போட்டுவிட்டார். பிலிம் எதுவும் தெரியாமல் மொட்டையாக வந்தது. டிகாஷனாவது நன்றாக இருக்கிறதா, குடித்துப் பாரேன் என்று அவள் சிரித்தாள். சரியான தூள் வாங்கி ரோலைக் கழுவலாம் என்றார்கள். அது அப்படியே தள்ளிப்போய்விட்டது.

இப்போது தனியாகக் கலக்கினார். பிலிம் போட்ட டப்பாவை நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டினார். கழுவி எடுத்ததில் முக்கால்வாசி புகைமூட்டம். ஒன்றில் மட்டும் முகம். அதை விளக்குக்கு மேல் வைத்துப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினார். கவியா வந்தாள். கலைந்த முடி, சிரிப்பு அடங்காத வாய், புருவத்துக்கு மேலே அந்தக் கோடு. பழக்கதோஷத்தில் புள்ளிகளைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டார். அழுக்கோடு தழும்பும் போனது. பதறிப்போய் மீட்டார். அப்புறம் எதையும் தொடவில்லை. மத்தியானம் முழுக்க அந்த முகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் தேவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் திரைக்குக் கிட்டே போனாள். அழுவாள் என்று நினைத்தார்.

“தழும்பு இந்தப் பக்கம் இல்லீங்க” என்றாள் மெதுவாக. “எடது பக்கம்.”

பிலிமை முதுகுப்புறமாகத் திருப்பி வைத்துப் படம் பிடித்திருக்கிறார். மினுமினுப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரமே படிக்கிற பாடம். ஒரு பொத்தானைத் தட்டினார். படம் திரும்பிக்கொண்டது. தேவி அப்போதுதான் உடைந்து அழுதாள்.

காரியத்தன்று கூடத்தில் அந்தப் படம்தான் மாலையோடு இருந்தது. ஸ்டுடியோக்காரன் மகள் படமே இப்படியா புகையடித்தாற்போல இருக்கும் என்று வந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். தேவி படத்தை விட்டு நகரவில்லை. அவளுக்கு மகள் கிடைத்துவிட்டாள்.

பூவரசன் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி மகளை நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது. வெள்ளையாக, வழுவழுவென்று, எந்தப் பக்கத்திலும் தழும்பு இல்லாமல்.