நாலாம் வகுப்புப் பிள்ளை கையில் பஸ் சாவி

ஸ்கூல் பஸ் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதன் டிரைவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம் நின்றுவிட்டால் அவன் ஜாதகமே சந்திக்கு வந்துவிடும். பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பாடுபடும் அண்ணாச்சிமாரே, உங்களுக்குத் தெரியாததா? மேலநீலிதநல்லூர் ரூட்டில் சங்கரன்கோவிலுக்குப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். போன மாசம் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

இரும்புக்கா பஞ்சம்

ஊருக்குள் நுழைய மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது நாலாம் வகுப்பு ஜெனிஷாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முப்பிடாதி அக்கா போட்ட சத்தத்தில் ஓரங்கட்டினேன். பிள்ளை முன் சீட்டில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலிப்பு என்றால் நம் பக்கத்தில் முதலில் இரும்பைத்தானே தேடுவோம்? மொத்த பஸ்ஸும் இரும்புதான், ஆனால் கழற்றிக் கொடுக்கத் தோதாக இருந்தது சாவி ஒன்றுதான். எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, பிள்ளை கையில் திணித்தேன்.

108 வந்து பிள்ளையையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனது. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான், அந்தப் பிள்ளை மூடிய கையைத் திறக்கவே இல்லை என்று உறைத்தது. மீதிப் பிள்ளைகளோடு நான் ரோட்டோரம் நிற்கிறேன், பஸ் சாவி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சாவியப் பத்தி இப்பக் கேட்டேன்னா கடிச்சு வச்சிருவேன். மொதல்ல பிள்ளை கண்ணு முழிக்கட்டும்."

தாய் கேட்டது

அரை மணி நேரத்தில் ஜெனிஷாவின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளை எழுந்து தண்ணீர் குடித்ததாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின் சீட்டுப் பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டாள். ஜெனிஷா மயங்கி விழுந்தாள் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, மயக்கமாவே இருக்கட்டும். வலிப்புன்னு யார்ட்டயும் சொல்லிராதிய, பொம்பளப் பிள்ளை."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பால்கேன்காரரின் துப்பு

பைக்கில் பால்கேன் கட்டிய ஒருவர் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சாவி எங்கே என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான் ஐயா நான் பேசியது. நம் ஊரில் வண்டிச் சாவியை யார் எடுப்பார்? போலீஸ். எதற்கு எடுப்பார்? அதையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். "ஊதும் வே" என்றார். பொறுமையாக ஊதினேன். மூக்கைச் சுளித்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் மனுஷன் தளரவில்லை, போனை எடுத்தார்.

"காலையிலேயே ஊத்திருக்கான் மாப்ள, போலீஸ் சாவிய உருவிட்டுப் போயிட்டு. இவன் நிதானமா நிக்க மாதிரியே நடிக்கான்."

வீட்டம்மா

பள்ளியிலிருந்து பைக்கில் மாற்றுச் சாவி வருவதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் என் பஸ் இரண்டு தடவை கவிழ்ந்துவிட்டது. ஒருவர் பிரேக் இல்லை என்றாராம். இன்னொருவர் நான் கருவக்காட்டுக்குள் ஓடிவிட்டேன் என்றாராம். என் வீட்டம்மாவுக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. பதினெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், பதறவெல்லாம் இல்லை.

"நீங்க ஓடிட்டியன்னு சொல்லுதாவ. ஓடி வார வழியில ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

தாளாளர் அறை

சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அங்கேதான் அடி விழுந்தது. தாளாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை. திங்கட்கிழமை பெற்றோர்கள் வருகிறார்கள், சாவி எங்கே போனது என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வேறு டிரைவர் பார்ப்பேன் என்றார். பிள்ளைக்கு மயக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் பிள்ளை மானம், திறக்காவிட்டால் என் சோறு. அந்த ஆத்திரத்தில் பால்கேன்காரரை மனசுக்குள் வண்டி வண்டியாக வைதேன். தாளாளர் விடவில்லை.

"மயக்கத்துக்கும் சாவிக்கும் என்ன வே சம்பந்தம்?"

திங்கட்கிழமை

ஆபீஸ் முன்னால் இருபது பேர் கூடிவிட்டார்கள். பால்கேன்காரரும் வந்திருந்தார். அந்தப் பள்ளியில் அவருக்குப் பிள்ளையே கிடையாது. தாளாளர் என்னைப் பார்த்தார், நான் முப்பிடாதி அக்காவைப் பார்த்தேன், அக்கா வேப்பமரத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஜெனிஷா தன் அம்மாவின் கையை உதறிவிட்டு முன்னால் வந்தாள். கையில் என் சாவி. "எனக்கு வலிப்பு வந்துச்சு. டிரைவர் அங்கிள்தான் சாவியக் கையில தந்தாங்க. நான் விடல" என்றாள். அவள் அம்மா தடுக்க வாயெடுத்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை என்னைப் பார்த்து, "இனிமே இரும்பு வேண்டாமாம் அங்கிள். ஒருச்சாய்ச்சுப் படுக்கப் போட்டுட்டு டாக்டரக் கூப்பிடணுமாம்" என்றாள். எனக்குச் சாவியை வாங்கக்கூடக் கை எழவில்லை.

கூட்டத்தில் ஒரு அம்மா தன் மகளை முன்னால் தள்ளி, "ஏட்டி, நாளையிலருந்து நீ ஜெனிஷா பக்கத்துல உக்காரு. எப்படிப் படுக்கப் போடணும்னு கேட்டுக்கிட்டியா?" என்றாள். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டேன். பால்கேன்காரர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அது சரி, அப்ப போலீஸ் எதுக்கு வந்தான்?"

அன்றிலிருந்து சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரில் இப்போது அடுத்த பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.