பிரேக் போட்டால் எரியும் பிள்ளையார் விளக்கு

போன வாரம் ஆயர் ஈத்தாமில் ஒரு வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பழைய காரின் வயர்களை எல்லாம் உருவித் தரையில் பரப்பியிருந்தார்கள். சிவப்பு, பச்சை, நிறமே போன ஏதோ ஒன்று... மழைக்கு முந்தைய மங்கலில் பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது.

கார் என் வீட்டுக்காரருடையது. அவர் போன பிறகு சும்மா கிடந்தது. இப்போது மகள் கலா புதுப்பிக்கிறாள்.

வயரிங் வேலை செய்யும் சிவா, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

“இந்த வயர் பிரேக்லேருந்து டேஷ்போர்டு மேல இருக்கிற பிள்ளையார்கிட்ட போகுது. சின்ன சிவப்பு பல்பு. வேஸ்ட் லா. வெட்டிடவா?”

“வெட்டிடுங்கண்ணே. எல்லாம் கிளீனா இருக்கணும்,” என்றாள் கலா.

அவர் கட்டரை எடுத்துவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. வாரா வாரம் இந்தப் பத்தியில் எங்களிடம் பேசுகிறாயே என்கிறீர்களா? இங்கே என் முகம் உங்களுக்குத் தெரியாதே!

“தம்பி... அது இருக்கட்டும்.”

“சாமிக்குன்னா சாவி போட்டதும் எரியிற மாதிரி மாத்தித் தர்றேன்க்கா. எப்பவும் எரியும்.”

“வேணாம். பிரேக் போட்டா எரிஞ்சா போதும்.”

“ஏம்மா, பிரேக்கைப் பத்தி பிள்ளையாருக்கு என்ன கவலை?” கலா சிரித்தாள்.

கவலை எனக்குத்தான். கல்யாணமான புதிதில் பாலிக் புலாவ் மலைப்பாதை வளைவுகளில் போகும்போது உயிரே போகும். மெதுவாகப் போங்கள் என்று சொல்ல வெட்கம். கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அவரும் ஒன்றும் கேட்கமாட்டார்.

ஒருநாள் பிள்ளையார் பக்கத்தில் அந்த விளக்கு வந்திருந்தது. வளைவு வரும் — பிள்ளையார் சிவப்பாவார். அப்பாடா, பிரேக் போட்டுவிட்டார்! அப்புறம் கண்ணைத் திறந்தே போனேன். ஜாதிக்காய் மரங்கள், மூடுபனி, தூரத்தில் கொஞ்சம் கடல்... எல்லாம் அந்தச் சிவப்புக்குப் பின்னால்தான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. சாமிக்குப் போட்ட விளக்கு, எனக்கும் உதவுகிறது என்று நினைத்திருந்தேன்.

இதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சிவா பல்பைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

“சாமிக்கு இல்லக்கா இது. ஓட்டுற பக்கம் தகரம் வச்சு மறைச்சிருக்காரு. இடது பக்கம் உக்காந்தாதான் வெளிச்சமே தெரியும்.”

இடது பக்கம் உட்கார்ந்தது யார்? நான்தானே.

ஒரே காரில் இரண்டு கூச்சக்காரர்கள். பேச வேண்டியதை ஒரு பல்பு பேசியிருக்கிறது.

கலா கட்டரை வாங்கிப் பெட்டியில் போட்டாள். மற்ற வயரெல்லாம் புதுசு. அது மட்டும் பழசு.

நேற்று பாலிக் புலாவ் போய் வந்தோம். கலாதான் ஓட்டினாள். வளைவுகளில்கூட வேகம் குறையவில்லை.

பாவம் பிள்ளையார்... போக வர இருட்டிலேயே இருந்தார்.