சந்து சாரின் உள்ளூர்ச் சுற்று

என் வீட்டுக்காரருக்கு வேலை கல்லூரியில், வேதியியல் துறையில். உயிர் மட்டும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தப் பாலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, எல்லாம் அத்துப்படி. வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேளுங்கள், திருதிருவென்று விழிப்பார். மாணவர்கள் வைத்த பெயர் ‘சந்து சார்’.

வருடா வருடம் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் வினாடி வினாவை நடத்துகிறவர் அவர்தான். கடைசிச் சுற்று உள்ளூர்ச் சுற்று. போன வருடம், ஊரிலேயே பழைய பாலம் எது என்று கேட்டுத் தொலைத்தார். ஆளுக்கொரு பாலத்துக்கு ஆதாரம் காட்டினார்கள். ஒரு நாற்காலியின் கால் உடைந்தது. “இன்னொரு தடவை சண்டை வந்துச்சுன்னா அந்தச் சுற்றே வேண்டாம், சார்” என்று முதல்வர் முடிவாகச் சொல்லிவிட்டார். அதை எடுத்துவிட்டால் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. கூடக் குடித்தனம் நடத்துகிற எனக்குத்தானே தெரியும்?

அதனால் இந்த வருடம் ஒரு விதி போட்டுக்கொண்டார்: போய்க் கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும்தான் கேட்பது. ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துவிட்டு வந்தார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தது நான்.

இறுதிப் போட்டியில் ஒரு பையன்கள் அணி, ஒரு பெண்கள் அணி; இரண்டும் சமம். கடைசிக் கேள்வி: “மணிக்கூண்டில எந்தப் பக்கம் கடிகாரம் இல்ல?”

“கோர்ட் பக்கம்!” என்றார்கள் பையன்கள். இவர் “சரி” என்று வாயெடுப்பதற்குள் பெண்கள் அணி எழுந்துவிட்டது.

“சார், காலைல பஸ்ல வர்றப்ப பார்த்தோம். அங்கயும் மாட்டிட்டாங்க.”

அரங்கம் இரைந்தது. முன்வரிசையில் முதல்வர் எழுந்து நின்றார். மணி அடிக்க உட்கார்ந்திருந்த நான் விடாமல் மணியை அடித்தேன்; யார் கேட்டார்கள்?

“வாங்க, போய்ப் பார்த்துடலாம்” என்றார் இவர்.

முதல்வர் உட்பட அத்தனை பேரும் தெருவில் இறங்கினோம். தெருமுனை மணிக்கூண்டில் சாரம் கட்டியிருந்தது. கோர்ட் பக்கம் புத்தம்புதுக் கடிகாரம். ஆனால் முள் இன்னும் மாட்டவில்லை.

“முள்ளு இல்லாதது கடிகாரமா?” என்றான் ஒருவன்.

“பின்ன என்ன, சாப்பாட்டுத் தட்டா?” என்றாள் ஒருத்தி.

முதல்வர் தொண்டையைச் செருமினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

இவர் கையை உயர்த்தினார். “தப்பு என்னோடது. நான் பார்த்தது போன வாரம். அந்தக் கேள்வி ரத்து. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இப்ப நடந்து வந்தோமே, அந்தத் தெருவில ஒரு பேர்ப்பலகை தலைகீழாத் தொங்குது. எந்தக் கடை?”

அந்தப் பதற்றத்திலும் மனுஷன் கண் தெருவை மேய்ந்திருக்கிறது, பாருங்கள்! பையன்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். பெண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். வழக்கப்படி கேள்வி பார்வையாளர்களுக்குப் போனது.

“பூட்டுக் கடை!”

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் முதல்வர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பூட்டுக் கடையேதான். தெருவே கைதட்டியது. கோப்பை இரண்டு அணிக்கும் பொது என்று அறிவித்ததில் யாருக்கும் மனக்குறை இல்லை.

பார்வையாளர் பரிசாகக் கொடுத்த பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, முதல்வர் இவர் காதருகே குனிந்தார்.

“சார், அடுத்த வருஷமும் இந்தச் சுற்று உண்டுல்ல?”

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.